முத்திரை வில்லைகளிலிருந்து ஒற்றைக் கட்டணம் வரை: அமெரிக்கச் சொந்த லாரி ஓட்டுநர்களும் மாநிலங்களிடைப் பதிவும்

அமெரிக்காவில் ஒரே ஒரு லாரியைச் சொந்தமாக வைத்து, தன் பெயரிலேயே உரிமம் எடுத்து, மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஓட்டுபவர் ஆண்டு பிறக்குமுன் ஒரு பதிவுக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். 2025-ஆம் ஆண்டுக்கு அது 46 டாலர். டீசல், வண்டித் தவணை, காப்பீடு, டயர் என்று அவர் கையிலிருந்து போகும் தொகைகளுக்கு முன்னால் இது சிறு தொகைதான். ஆயிரம் லாரி வைத்திருக்கும் நிறுவனம் அதே ஆண்டுக்குக் கட்ட வேண்டியது 4,592 டாலர். லாரிக்கு இவ்வளவு என்று வகுத்தால் 4 டாலர் 59 சென்ட் வரும். ஒற்றை லாரிக்காரர் லாரி கணக்கில் பத்து மடங்கு கட்டுகிறார்.

இந்த நிலைக்கு வந்து சேர்ந்த நூறாண்டுப் பாதையை இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்கமாக இது எளிமையாக்கத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. மாநிலத்துக்கு ஒரு வில்லை ஒட்டிய காலம் போய், ஒரே இடத்தில் ஒரே கட்டணம் என்ற காலம் வந்துவிட்டது என்பார்கள். அது உண்மை, அந்த எளிமை லாரிக்காரருக்குப் பெரிய நிம்மதி என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு சீர்திருத்தமும் மாநிலங்களின் வருவாய் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் நடந்தது. அந்த வருவாயை யார் எந்த விகிதத்தில் கட்டுவது என்பது ஒவ்வொரு முறையும் மாறியது. 2005-க்குப் பின் மாறிய திசை பெரிய நிறுவனங்களுக்குச் சாதகமாகவே இருந்தது.

எல்லை தாண்டும் வண்டிக்கு யார் கட்டணம் வாங்கலாம்?

மோட்டார் வண்டி பரவத் தொடங்கியதுமே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. சாலை போடுவது மாநிலம். பக்கத்து மாநிலத்துக்காரர் அந்தச் சாலையில் வண்டி ஓட்டினால் அவரிடம் பணம் வாங்கலாமா? மேரிலாண்டுக்குள் அந்த மாநிலப் பதிவில்லாமல் வண்டி ஓட்டிய தலைநகர்வாசி ஒருவர் தொடுத்த ஹென்ட்ரிக் வழக்கில், 1915-இல் உச்ச நீதிமன்றம் 'வாங்கலாம்' என்றது. மத்திய அரசு தனியே சட்டம் செய்யாதவரை, வெளி மாநில வண்டிக்கும் நியாயமான பதிவுக் கட்டணம் விதிக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பு.

கட்டணம் வாங்கலாம், சரி. வண்டியையே உள்ளே விடாமல் தடுக்கலாமா? போர்ட்லாந்துக்கும் சியாட்டிலுக்கும் இடையே பயணிகள் வண்டி விட விரும்பிய பக் என்பவருக்கு, அந்தத் தடத்தில் ஏற்கெனவே போதிய வசதி இருக்கிறது என்று சொல்லி வாஷிங்டன் மாநிலம் அனுமதி மறுத்தது. 1925-இல் நீதிபதி பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பு அந்த மறுப்பைச் செல்லாதாக்கியது. போட்டியைத் தடுப்பதற்காக மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்தை ஒரு மாநிலம் மறுக்க முடியாது. இந்த இரண்டு தீர்ப்புகளும் வகுத்த கோட்டில்தான் இன்றுவரை எல்லாம் நடக்கிறது: மாநிலம் கட்டணம் கேட்கலாம், கதவை அடைக்க முடியாது.

கதவை அடைக்கும் அதிகாரம் 1935-இல் மத்திய அரசின் கைக்குப் போனது. பொருளாதாரப் பெருமந்தத்தில் சரக்கை லாரிகளிடம் இழந்துகொண்டிருந்த ரயில் நிறுவனங்கள் லாரிகளுக்கும் கட்டுப்பாடு வேண்டுமென்று கேட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட மோட்டார் போக்குவரத்துச் சட்டம், ரயில்களுக்காக 1887-இல் அமைந்த மாநிலங்களிடை வணிக ஆணையத்தின்கீழ் லாரித் தொழிலையும் கொண்டு வந்தது. 1935 ஜூன் 1-க்கு முன்பே தொழிலில் இருந்தவர்களுக்கு உரிமம் எளிதாகக் கிடைத்தது. பின்னால் வந்தவர், தன் சேவை பொதுமக்களுக்குத் தேவை என்று நிரூபிக்க வேண்டும். அந்தத் தடத்தில் ஏற்கெனவே ஓட்டும் நிறுவனங்கள் எதிர்த்து வாதாடும். இன்ன தடம், இன்ன சரக்கு என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கு அந்த வாசல் அநேகமாகத் திறக்கவே இல்லை.

அவருக்கு மிச்சமிருந்த சந்து வேளாண் விலக்கு. பதப்படுத்தாத விளைபொருளை ஏற்றினால் ஆணையத்தின் உரிமம் வேண்டாம். எது விளைபொருள், எது தொழிற்சாலைப் பொருள் என்பதில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. கொன்று, இறகு நீக்கி, உறைய வைத்த கோழி விளைபொருள்தான் என்று 1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஒரு லாரிக்காரரின் பிழைப்பு கோழியின் நிலையைப் பொறுத்து நின்றது என்றால் மிகையில்லை. அந்தச் சந்திலும் ஒரு வழிதான் போக முடியும். புளோரிடாவிலிருந்து ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவருக்குத் திரும்பி வரும்போது கிடைப்பது பெரும்பாலும் ஆலைச் சரக்கு. அதை ஏற்ற உரிமம் கிடையாது. வண்டியைக் காலியாக ஓட்டி வர வேண்டும், அல்லது உரிமமுள்ள நிறுவனத்திடம் லாரியை ஒப்பந்தத்துக்கு விட்டு அதன் பெயரில் ஓட்ட வேண்டும். இன்றும் சொந்த லாரி ஓட்டுநர்களில் ஏராளமானோர் நிறுவனங்களோடு ஒப்பந்தத்தில் ஓடுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிங்கோ அட்டை

உரிமம் மத்திய ஆணையத்தினுடையது என்றாலும், அதைத் தங்களிடமும் பதிவு செய்ய வேண்டும் என்று மாநிலங்கள் ஒவ்வொன்றும் கேட்டன. படிவம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, கட்டணமும் அப்படியே. 1965-இல் மத்திய சட்டம் ஒன்று இதற்கு ஒரு பொது வடிவம் தர வழி செய்தது. மாநில ஒழுங்காணையங்களின் தேசியச் சங்கம் விதிகளை வகுத்தது. அதன்படி ஒவ்வொரு லாரியின் முன்கூண்டிலும் ஓர் அட்டை இருக்க வேண்டும். அட்டையில் மாநிலத்துக்கு ஒரு கட்டம். எந்தெந்த மாநிலத்துக்குள் போகிறதோ அந்தந்த மாநிலத்திடம் ஆண்டுதோறும் வில்லை வாங்கி அதன் கட்டத்தில் ஒட்ட வேண்டும். தம்போலா சீட்டுப் போலக் கட்டம் கட்டமாக இருந்த அதை லாரிக்காரர்கள் 'பிங்கோ அட்டை' என்றே அழைத்தார்கள்.

நடைமுறையில் இது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் லாரி குறிப்பிட்ட தடத்தில் ஓடும். எந்த மாநில வில்லை வேண்டும் என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும். விண்ணப்பம் அனுப்பவும் காசோலை எழுதவும் அலுவலகத்தில் ஆட்கள் இருப்பார்கள். ஒற்றை லாரிக்காரருக்கு அடுத்த லோடு எங்கே என்பது இன்றைய லோடை இறக்கிய பிறகுதான் தெரியும். ஆகவே, போகலாம் என்று தோன்றும் மாநிலங்களுக்கெல்லாம் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். போகாமலே ஆண்டு முடிந்தால் அந்தப் பணம் போனதுதான். வாங்காமல் விட்ட மாநிலத்துக்கு நல்ல வாடகையில் லோடு வந்தால், விட்டுவிட வேண்டும் அல்லது ஒரு நடைக்கான தற்காலிக அனுமதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். மீறி உள்ளே நுழைந்து எடைமேடையில் அதிகாரி அட்டையைக் கேட்டால் அபராதம். கட்டணத்தைவிட நேரமும் தவறிப்போன லோடுமே அவருக்கு உண்மையான செலவு.

1973 இறுதியில் எண்ணெய்த் தடையால் டீசல் விலை ஏறியபோது சொந்த லாரி ஓட்டுநர்கள் நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். தனித்தனியாகக் கிடந்த ஒரு தொழிலாளர் வகுப்பு தன்னை ஒரு கூட்டமாக உணர்ந்த தருணம் அது. சொந்த லாரி ஓட்டுநர்களுக்கான தேசியச் சங்கம் மிசௌரி மாநிலத்தில் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1980 ஜூலை 1-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1935-இன் தடைகளைப் பெருமளவு தளர்த்தியது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் எண்ணிக்கை பத்தே ஆண்டில் இரு மடங்குக்கு மேல் பெருகி 1990-க்குள் 40,000-ஐத் தாண்டியது. ஒரு லாரியோடு சொந்த உரிமம் எடுப்பது அதன் பிறகே நடக்கக்கூடிய காரியமாயிற்று. வாசல் திறந்தது, உள்ளே வந்தவர் கையில் பிங்கோ அட்டை கொடுக்கப்பட்டது.

இடையில் உச்ச நீதிமன்றம் 1987-இல் சொன்ன ஒரு தீர்ப்பு இந்த ஆய்வுக்கு மிக முக்கியம். பென்சில்வேனியா மாநிலம் லாரிகளிடம் அச்சுக்கு 36 டாலர் என்று ஆண்டு வரியும், அடையாளக் குறிக்கு 25 டாலர் கட்டணமும் வாங்கியது. ஷைனர் வழக்கில் நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்றது. எத்தனை மைல் ஓடினாலும் ஒரே தொகை என்னும் மொத்த வரி, அந்த மாநிலத்துக்குள்ளேயே ஓடுபவரைவிட எப்போதாவது கடந்து போகும் வெளியூர் லாரியை மைல் கணக்கில் பல மடங்கு அதிகமாகப் பாதிக்கிறது என்பது காரணம். மொத்தத் தொகை எல்லோருக்கும் சமம் போலத் தெரியும்; வகுத்துப் பார்த்தால்தான் பாரம் யார் தலையில் என்பது புரியும். நீதிமன்றம் மைலால் வகுத்தது. லாரியால் வகுக்க வேண்டிய வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

பத்து டாலர் உச்சவரம்பு

வில்லைகளுக்கு முடிவு கட்டியது 1991 டிசம்பரில் வந்த தரைவழிப் போக்குவரத்துச் சட்டம். அதன்படி 1994 ஜனவரி 1 முதல் 'ஒற்றை மாநிலப் பதிவு முறை' நடைமுறைக்கு வந்தது. லாரிக்காரர் தன் தலைமையிடம் உள்ள மாநிலத்தில் மட்டும் பதிவு செய்வார். போகவிருக்கும் மற்ற மாநிலங்களுக்குரிய பணத்தையும் அங்கேயே கட்டுவார். அந்த மாநிலம் பங்கு பிரித்து அனுப்பும். வில்லைக்குப் பதில் ரசீதின் நகல் வண்டியில் இருந்தால் போதும். ஒரு மாநிலம் ஒரு லாரிக்கு 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. 1991 நவம்பரில் யார் எவ்வளவு வாங்கினார்களோ அதற்கு மேல் ஏற்றவும் முடியாது.

என் கணிப்பில் நூறாண்டில் சொந்த லாரிக்காரருக்குக் கிடைத்த மிக நேர்மையான முறை இதுதான். கட்டணம் லாரிக்கு இவ்வளவு, மாநிலத்துக்கு இவ்வளவு என்று இருந்தது. ஒரு லாரி வைத்திருப்பவரும் ஆயிரம் லாரி வைத்திருப்பவரும் லாரி கணக்கில் சமமாகவே கட்டினார்கள். போகப்போகும் மாநிலங்களை முன்னதாகவே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பழைய குறை மட்டும் அப்படியே தொடர்ந்தது. ஏறக்குறைய இதே காலத்தில் எரிபொருள் வரிக்கும் நம்பர் பிளேட்டுக்கும் மாநிலங்களுக்கிடையே பொது ஒப்பந்தங்கள் வலுப்பெற்றன. அவை ஓடிய மைலைக் கணக்கிட்டுப் பணத்தைப் பிரித்தன.

1995-இன் இறுதியில் வந்த சட்டம் மாநிலங்களிடை வணிக ஆணையத்தையே கலைத்தது. பதிவு, உரிமம், காப்பீட்டுச் சான்று எல்லாவற்றையும் ஒரே முறைக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. விதித்த கெடுவுக்குள் அது நடக்கவில்லை. 2000-இல் லாரிப் பாதுகாப்புக்கென்றே தனி மத்திய அமைப்பு வந்த பிறகும் நடக்கவில்லை. நாடாளுமன்றமே மறுபடியும் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

2005-க்குப் பின்

2005 ஜூன் 20 அன்று மிச்சிகன் மாநிலத்தின் 100 டாலர் லாரிக் கட்டணங்கள் பற்றிய இரண்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மற்ற மாநிலங்களும் இதே போலத் தொடங்கினால் என்னாவது என்ற கவலை இருந்த அந்த வேளையில், ஆகஸ்ட் 10-இல் புதிய சட்டம் கையெழுத்தானது. அதன் ஒரு பகுதிதான் ஒருங்கிணைந்த லாரிப் பதிவுச் சட்டம். இன்று யூ.சி.ஆர். என்று லாரிக்காரர்கள் சொல்வது இதைத்தான். பழைய முறை 2007 ஜனவரி 1-இல் ஒழிந்தது. புதிய கட்டண விதி அந்த ஆகஸ்ட் வரை தயாராகவில்லை.

புதிய முறையில் எந்த மாநிலத்துக்குப் போகிறீர்கள் என்ற கேள்வியே இல்லை. ஒரு முறை கட்டினால் நாடு முழுவதும் செல்லும். 41 மாநிலங்கள் இதில் பங்கேற்கின்றன. புளோரிடா, அரிசோனா, நியூ ஜெர்சி, ஓரிகன் போன்றவை சேரவில்லை. சேராத மாநிலத்து லாரிக்காரரும் எல்லை தாண்டினால் பங்கேற்கும் மாநிலம் ஒன்றின் வழியாகக் கட்டியே தீர வேண்டும். வண்டியில் அட்டையோ வில்லையோ ரசீதோ தேவையில்லை. அவற்றைக் கேட்கும் அதிகாரத்தையும் சட்டம் மாநிலங்களிடமிருந்து எடுத்துவிட்டது. அதிகாரி மத்திய அடையாள எண்ணைத் தட்டினால் கட்டியதா இல்லையா என்று தெரிந்துவிடும். அக்டோபர் 1-இல் பதிவு திறக்கும். இணையத்தில் சில நிமிட வேலை. தன் சரக்கைத் தானே ஏற்றும் கம்பெனிகளும் வேளாண் விலக்கில் ஓடியவர்களும் முதன்முறையாக வலைக்குள் வந்தார்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் ஓடும் லாரியை அந்த நிறுவனமே தன் கணக்கில் காட்டிக் கட்டும். சொந்த உரிமத்தில் ஓடுபவர் தானே கட்ட வேண்டும்.

பிங்கோ அட்டையைக் கையாண்டவருக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கைப் பார்ப்போம். பழைய முறையின் உச்சவரம்பை வைத்து, இருபது மாநிலங்களுக்குப் பதிந்த ஒற்றை லாரிக்காரர் 200 டாலர் கட்டியிருப்பார் என்று கொள்வோம். 2007-இல் அவர் கட்டியது 39 டாலர். சுமை ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. அதே இருபது மாநிலங்களுக்கு ஆயிரம் லாரிகளைப் பதிந்த நிறுவனத்துக்குப் பழைய உச்சவரம்பில் 2,00,000 டாலர். 2007-இல் 3,840 டாலர். அதன் சுமை ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே போனது. புதிதாக வலைக்குள் வந்தவர்கள் கட்டியதால் மொத்த வருவாய் குறையவில்லை. எல்லோருக்கும் குறைந்த கட்டணம் என்பது உண்மைதான். குறைந்த அளவு மட்டும் ஒன்றல்ல.

காரணம் படிக்கட்டு அமைப்பு. லாரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து நான்குக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும் கட்டணப் படிகள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பெரிய படிக்குப் பெரிய தொகை என்றும் சொல்கிறது. ஆறு படிகள் வகுத்தார்கள்: 2 வண்டிவரை, 3 முதல் 5, 6 முதல் 20, 21 முதல் 100, 101 முதல் 1,000, அதற்கு மேல். மொத்தத் தொகை படிக்குப் படி ஏறுகிறது, சட்டம் கேட்டபடியே. லாரி ஒன்றுக்கான தொகையோ ஒவ்வொரு படிக்குள்ளும் லாரி கூடக் கூட இறங்குகிறது. 2025-இல் 20 லாரிக்காரருக்கு லாரிக்கு 13 டாலர் 80 சென்ட். 100 லாரிக்காரருக்கு 9 டாலர் 63 சென்ட். கடைசிப் படியின் தொகை 44,836 டாலர். 10,000 லாரி உள்ள நிறுவனத்துக்கு லாரிக்கு நாலரை டாலர்கூட ஆகவில்லை.

2010-இல் நடந்தது இன்னும் கூர்ந்து பார்க்கத் தக்கது. அதுவரை டிரெய்லர்களும் வண்டிக் கணக்கில் சேர்ந்தன. 2008-இல் திருத்தப்பட்ட சட்டம் 2010 முதல் டிரெய்லரைக் கணக்கிலிருந்து நீக்கியது. லாரியைப்போல் பல மடங்கு டிரெய்லர் வைத்திருக்கும் நிறுவனங்கள் பல, கீழ்ப்படிகளுக்கு இறங்கின. வருவாயில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க எல்லாப் படிகளிலும் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஒரு லாரியும் ஒரு டிரெய்லரும் வைத்திருந்தவர் முன்பும் முதல் படியில்தான், பின்பும் முதல் படியில்தான். டிரெய்லர் விலக்கால் அவருக்கு ஒரு சென்ட்கூட லாபமில்லை. கட்டணம் மட்டும் 39-லிருந்து 76 டாலராகியது. இரண்டாவது டிரெய்லர் வைத்திருந்தவருக்கு மட்டும் 116-லிருந்து 76-ஆகக் குறைந்தது. 76 டாலர் 2017 வரை நீடித்தது.

மாநிலங்களுக்குப் போகும் மொத்தத் தொகைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடியே 78 லட்சம் டாலர் என்று வரம்பு உண்டு. கூடுதலாக வசூலானால் பின்வரும் ஆண்டுகளில் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். அதனால்தான் முதல் படி 2018-இல் 69, 2020-இல் 59, 2023-இல் 41, 2024-இல் 37 என்று இறங்கி 2025-இல் 46-க்கு ஏறியது. இந்த வரம்பு நல்ல ஏற்பாடு. கட்டணம் தறிகெட்டு ஏறாமல் காக்கிறது. ஆனால் ஏற்ற இறக்கம் எல்லாப் படிகளிலும் ஒரே விழுக்காட்டில் நடப்பதால் 2007-இல் விழுந்த விகிதம் அசையாமல் நிற்கிறது.

லாரியே இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லாரி புரோக்கர்கள், சரக்கு அனுப்பும் முகவர்கள், லாரியைக் குத்தகைக்கு விடும் நிறுவனங்கள் ஆகியோருக்கும் இந்தப் பதிவு உண்டு. அவர்களுக்குச் சட்டமே விதித்த தொகை முதல் படிக்குரியது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான லோடுகளைக் கைமாற்றும் புரோக்கர் நிறுவனமும், அதனிடம் ஒரு லோடுக்குப் பேரம் பேசி நிற்கும் லாரிக்காரரும் கட்டியது அதே 46 டாலர்.

சிறு தொகைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். தொகை தனித்து வருவதில்லை. கனரக லாரிக்கு மத்திய சாலை வரி ஆண்டுக்கு 550 டாலர்வரை. எரிபொருள் வரிக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நம்பர் பிளேட் பதிவு ஆண்டுக்கு ஒரு முறை. மத்திய அடையாள எண்ணின் விவரங்களை இரண்டாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வெவ்வேறு கெடு, வெவ்வேறு அலுவலகம். இந்தக் குழப்பத்தில் பிழைப்பவர்களும் உண்டு. அரசுக் கடிதம் போலவே அச்சடித்து, கெடு நெருங்கிவிட்டது என்று பயமுறுத்தி, உரிய கட்டணத்துக்கு மேல் பணம் பறிக்கும் தனியார் பேர்வழிகள் பற்றி அதிகாரிகள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். 2016-இல் மத்திய வர்த்தக ஆணையம் புளோரிடாவில் இப்படிப்பட்ட ஒரு குழுமத்தின் மீது வழக்கே தொடர்ந்தது. சிக்குபவர் அலுவலகமும் குமாஸ்தாவும் இல்லாத ஒற்றை லாரிக்காரர்தான்.

நம் நாட்டிலும் இதே திருப்பம் நடந்திருக்கிறது. நேஷனல் பர்மிட் எடுக்கும் லாரி, மாநிலத்துக்கு இவ்வளவு என்று கட்டி வந்ததை மாற்றி, 2010 மே மாதம் முதல் நாடு முழுவதற்கும் ஒரே தொகுப்புக் கட்டணம் கொண்டுவந்தார்கள். அன்று 15,000 ரூபாய், பிறகு 16,500. அது லாரிக்கு லாரி விதிக்கப்படுகிறது. நாமக்கல்லில் ஒரு லாரி வைத்திருப்பவரும் நூறு லாரி வைத்திருப்பவரும் லாரி கணக்கில் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். ஆக, கட்டணத்தை ஒன்றாக்குவதும் லாரி கணக்கில் சமமாக வைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

அமெரிக்க முறையைத் திருத்தப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். படிகள் எத்தனை என்பதைத்தான் சட்டம் சொல்கிறது. எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிய வேண்டும் என்பதை அது விதிக்கவில்லை. பதினைந்து பேர் கொண்ட யூ.சி.ஆர். இயக்குநர் குழு பரிந்துரைக்கிறது. மத்தியப் போக்குவரத்துத் துறை கட்டணத்தை நிர்ணயிக்கிறது. முதல் படியை ஒற்றை லாரிக்கு மட்டும் ஒதுக்கி, இரண்டு முதல் ஐந்து லாரிகளை அடுத்த படியாக்கினால் ஆறு படி என்ற வரம்பு மீறப்படாது. அதனால் குறையும் தொகையை ஆயிரம் லாரிக்கு மேற்பட்ட கடைசிப் படி தாங்கிக்கொள்ளும். புரோக்கர்களின் தொகையை உயர்த்துவதற்கு மட்டும் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். இயக்குநர் குழுவில் மிகச் சிறிய படியைச் சேர்ந்த லாரிக்காரர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த இடத்தில் இருப்பவர் முன்வைக்க வேண்டிய முதல் கோரிக்கை இது.